‘மங்குது’ என்று சொன்ன குற்றம்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜாவுக்கு ஒரு சொல்லின் மேல் கோபம் வந்தது. பகைவன் மேல் கோபம் வந்தால் படை அனுப்பலாம். மந்திரி மேல் வந்தால் பதவியைப் பிடுங்கலாம். சொல்லின் மேல் வந்தால் என்ன செய்வது? அதை நாட்டை விட்டே துரத்திவிடுவது என்று அவர் முடிவு செய்தார்.

ராஜாவின் பெயர் அமரகேசரி. அவர் துரத்திய சொல் ‘மங்கல்’. நான் இதை வாய்விட்டுச் சொல்லலாம், தப்பில்லை. ராஜா போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது.

கோபம் வந்த கதை இது. ஆஸ்தான வித்துவான் ஏகாம்பரப் புலவர் ஒருநாள் சபையில் எழுந்து, தொண்டையைச் செருமி, “மங்காத புகழ் படைத்த மன்னவனே” என்று பாட்டைத் தொடங்கினார். எல்லாப் புலவர்களும் எல்லா ராஜாக்களுக்கும் எடுத்துவிடுகிற பழைய சரக்குதான் அது. ராஜா எப்போதும் கழுத்திலிருக்கும் முத்துமாலையைத் தடவிக்கொண்டே தலையாட்டுவார். அன்று சிம்மாசனத்தை விட்டே எழுந்துவிட்டார். என் பெயருக்குப் பக்கத்தில் அந்தச் சொல்லை ஏன் கொண்டுவந்து வைத்தீர் என்று கேட்டார். புலவர் வெலவெலத்துப் போனார். ‘மங்காத’ என்றால் புகழ்ச்சிதான் பிரபு என்று இலக்கணம் சொல்லிப் பார்த்தார். அது ராஜாவின் காதில் ஏறவே இல்லை.

தலை தப்பினால் போதும் என்று ஆனதும் புலவர் ஒரு போடு போட்டார். குற்றம் தன்னுடையது அல்ல, அந்தச் சொல்லினுடையது என்றார். அது தரித்திரம் பிடித்த சொல். வாயால் சொன்னாலும் குற்றம், கையால் எழுதினாலும் குற்றம், தண்டனை நாடுகடத்தல் என்று சட்டம் போட்டுவிட்டால் நாடு விளங்கும் என்றார். ராஜா அங்கேயே சரி என்றார். மாலைக்குள் முரசு அறைந்தாயிற்று. முரசு அறைந்தவன் எந்தச் சொல்லைச் சொல்லக் கூடாது என்பதை எப்படிச் சொல்வது என்று புரியாமல், கண்ணைப் பாதி மூடிக் காட்டிக்கொண்டே தெருத்தெருவாகப் போனான்.

பிறகு நாடு பட்ட பாட்டைக் கேட்க வேண்டுமா? சாயம் தோய்ப்பவர்கள், நிறம் போன துணியைக் காட்டி “இது அப்படி ஆகிவிட்டது” என்று சொல்லிச் சொல்லி அலுத்தார்கள். முகத்தில் மங்கு விழுந்த ஒரு பெண் வைத்தியரிடம் போய்க் கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள். அவர் பல்லைப் பிடுங்கி அனுப்பினார். ஜோசியர் ஒருவர், மங்கு சனி என்று சொல்ல முடியாமல், “முதல் சுற்றில் ஒருவர் வருகிறார், உன்னைப் படுத்தி எடுப்பார்” என்றார். கேட்டவன் மாமனார்தான் வருகிறார் என்று வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓடிவிட்டான். கோயில் பாடகர், ஓசை கிட்டத்தில் வருகிறதே என்று பயந்து, மங்களம் பாடாமலே இருந்தார். மங்களம் பாடாததால் கச்சேரி முடியவில்லை. கேட்டவர்கள் எழுந்து போகவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் நெளிந்தார்கள்.

அந்தச் சபையில் குழைக்காதன் என்று ஒரு விகடகவி இருந்தான். அவனுக்குக் காலில் சக்கரம். எல்லாரும் அவரவர் இருக்கையில் இருக்க, இவன் மட்டும் தூணுக்குத் தூண் நடந்துகொண்டிருப்பான். நின்றால் நெளிவான், உட்கார்ந்தால் எழுவான். சட்டம் வந்த பிறகு இது இரண்டு மடங்காயிற்று. சாப்பிடும்போதும் இலையைச் சுற்றி நடக்கிறீர்களே என்று அவன் மனைவி சண்டை பிடித்தாள். அவனுக்குச் சோறு இறங்கவில்லை, தூக்கம் பிடிக்கவில்லை.

காரணம் அவனுக்குத் தெரியும். கொஞ்ச நாளாகவே ராஜாவை அவன் கவனித்து வந்தான். வியாபாரி கொண்டுவந்த கிளிப்பச்சைப் பட்டை, யாருக்கு வேண்டும் இந்த வெளுத்த துணி என்று ராஜா தள்ளிவிட்டார். சேனாபதிக்குக் காய்ச்சல் குணமானதற்குப் பொக்கிஷதாரரின் தோளைத் தட்டி மகிழ்ச்சி சொன்னார். எழுதிக் கொண்டுவந்த ஓலைகளையெல்லாம், குரல் கேட்க ஆசையாக இருக்கிறது என்று சொல்லி, பிறரைப் படிக்கச் சொன்னார். ராஜாவின் கண் மங்கிக்கொண்டு வந்தது. அது அவருக்குத் தெரிந்திருந்தது. அந்தச் சொல்லைத் துரத்தினால் அதன் பொருளும் கூடவே போய்விடும் என்று அவர் நம்பினார், பாவம்.

குழைக்காதன் அதை யாரிடமும் சொல்லவில்லை. ராஜாவிடமும் சொல்லவில்லை. சபையில் இத்தனை பெரியவர்கள் பேசாமல் இருக்கும்போது நமக்கென்ன என்று இருந்துவிட்டான். அப்படி இருந்தது அவனை உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது.

ஏகாம்பரப் புலவருக்கோ வேறு அரிப்பு. ராஜா தன் பாட்டுக்குத் தலையாட்டுகிறார், குழைக்காதன் பேச்சுக்குச் சிரிக்கிறார். சிரிப்புக்குத்தான் அரண்மனையில் மதிப்பு அதிகம். இந்தச் சட்டத்தை வைத்தே அவனைக் கவிழ்த்துவிட வேண்டும் என்று அவர் கணக்குப் போட்டார். சிம்மாசனத்துக்குப் பக்கத்தில் பகலிலும் எரிகிற ஒரு நிலைவிளக்கு உண்டு. ஒருநாள் அதில் எண்ணெயைக் குறைத்துவைக்க ரகசியமாக ஏற்பாடு செய்தார். சபை கூடியதும் சுடர் சுருங்கத் தொடங்கியது.

புலவர் எழுந்து, விகடகவியின் சொல்வளத்தைச் சோதிக்க ராஜா அனுமதி தர வேண்டும் என்றார். ராஜா தலையசைத்தார். எண்ணெய் குறைந்த விளக்கின் நிலை என்ன, ஒரே சொல்லில் கூறு பார்க்கலாம் என்று புலவர் கேட்டார்.

குழைக்காதன் நடந்துகொண்டே பதில் சொன்னான். “இதில் என்ன கஷ்டம், வித்துவான் அவர்களே? சம்பளம் உயர்ந்த பிறகு உங்கள் பாட்டு இருக்கிற நிலை.”

சபை குலுங்கிச் சிரித்தது. அந்த நேரம் பார்த்து, விளக்குப் பார்க்கிற சிலம்பாயி உள்ளே வந்தாள். அரண்மனை விளக்குகளுக்கெல்லாம் திரி போடுவதும் எண்ணெய் ஊற்றுவதும் அவள் வேலை. யார் சிரிக்கிறார்கள், எதற்குச் சிரிக்கிறார்கள் என்றெல்லாம் அவள் பார்க்கவில்லை. சுடரைத்தான் பார்த்தாள். பதறிப்போய், “ஐயய்யோ, வெளக்கு மங்குது, யாராச்சும் எண்ணெய் கொண்டாங்க” என்று குரல் கொடுத்தாள்.

சிரிப்பு அப்படியே நின்றது. ராஜாவின் முகம் கறுத்தது. புலவர் ஒரு கணம் யோசித்தார். விரித்த வலையில் மான் விழவில்லை, முயல்தான் விழுந்தது. இருந்தாலும் வலை வீணாகவில்லை என்று தேறிக்கொண்டு, சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதானே பிரபு என்றார். ராஜா வேறு பக்கம் திரும்பிக்கொண்டு, சட்டப்படி ஆகட்டும் என்றார்.

அந்த நாட்டில் நாடுகடத்தலுக்கு ஒரு முறை இருந்தது. அதற்குக் கண்ணெல்லை என்று பெயர். ஆற்றையோ மலையையோ எல்லையாக வைப்பதில்லை. குற்றவாளி அரண்மனை வாசலிலிருந்து கிழக்குச் சாலையில் நடக்க வேண்டும். ராஜா மேல்மாடத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். ஆள் எந்த இடத்தில் அவர் கண்ணுக்கு மறைகிறதோ, அங்கே அவர் கையைத் தூக்குவார், சங்கு ஊதப்படும். அந்த இடத்தில் கல் நடுவார்கள். ஆயுசுக்கும் அந்தக் கல்லுக்கு இப்பால் குற்றவாளி கால் வைக்கக் கூடாது. அமரகேசரி பட்டத்துக்கு வந்த புதிதில் அவர் கண் அத்தனை கூர்மை. அவர் கையைத் தூக்குவதற்குள் குற்றவாளிகள் கரட்டு மலையைத் தாண்டி, அடுத்த நாட்டுக்காரன் வயலில் நிற்பார்கள். ஜனங்கள் அதைப் பெருமையாகப் பேசுவார்கள்.

சிலம்பாயியின் மகள் நிறைமாத கர்ப்பிணி. இன்றோ நாளையோ என்று இருந்தாள். மருமகன் கப்பலில் போனவன், திரும்பவில்லை. கூட இருந்து பிள்ளையை வாங்குவதற்கு அம்மாவை விட்டால் ஆளில்லை. இது குழைக்காதன் காதுக்கு எட்டியது. வலை தனக்கு விரித்தது. மாட்டிக்கொண்டது வேறொருத்தி. தெருவின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்து நடந்து பார்த்தான். ராஜாவின் காலில் விழலாமா? விழுந்தால் அவர் இரங்கலாம். ஆனால் எதற்காக இந்தச் சட்டம் என்ற பேச்சு வரும். வந்தால் அவருடைய முகம் மறுபடி கறுக்கும். வேறு வழி இருக்க வேண்டும் என்று நடந்தான்.

மறுநாள் உச்சிப்பொழுதில் தண்டனை. குழைக்காதன் சபைக்கு வந்து கைகட்டி, குற்றவாளியைத் தானே கூட்டிப் போவதாகக் கேட்டான். சேவகன் செய்யும் வேலையை இவன் ஏன் கேட்கிறான் என்று எல்லாரும் பார்த்தார்கள். புலவருக்கு வாயெல்லாம் பல். தன் எதிரி தானாகவே சேவகனாகிறான், கசக்குமா? தாராளமாகப் போகட்டும் பிரபு என்று அவரே பரிந்து பேசினார்.

“ஒரு விண்ணப்பம், பிரபு,” என்றான் குழைக்காதன். “முறை தவறாமல் நடக்க வேண்டும். தாங்களே பார்த்து, தாங்களே கையைத் தூக்க வேண்டும். வேறு யாரும் குறுக்கே பேசக் கூடாது.”

ராஜா முத்துமாலையைத் தடவினார். பிறகு, அப்படியே ஆகட்டும் என்றார்.

வெயில் சுள்ளென்று அடித்தது. சிலம்பாயி ஒரு துணிமூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலைத் தாண்டினாள். அழுது முடித்துவிட்டிருந்தாள். இப்போது கோபம்தான் மிச்சம். அரண்மனைக்கு எதிரே, கிழக்குச் சாலையோரம், ஒரு குளம். குளத்தின் இக்கரையில் ஒரு சுமைதாங்கிக் கல். குளத்தின் அக்கரையில்தான் விளக்குக்காரர் தெரு, அவள் வீடு. சுமைதாங்கிக் கல்லுக்குப் பக்கத்தில் வந்ததும் குழைக்காதன் நின்றுவிட்டான். மாடத்தைப் பார்த்துத் திரும்பி நின்றான்.

“ஏன் சாமி நின்னுட்டீங்க? போறதுதான் போறோம், பொழுது சாயறதுக்குள்ள என்னை மலையத் தாண்டி விட்டுட்டு வாங்க” என்றாள் அவள்.

பேசாமல் நில் என்று அவன் கையைக் காட்டினான். அவள் முணுமுணுத்துக்கொண்டே கல்லில் சாய்ந்தாள். மாடத்தில் நின்ற ராஜாவின் தலைப்பாகைக் கல் மின்னுவது கூட அங்கிருந்து தெரிந்தது. அவ்வளவு கிட்டம். குழைக்காதனுக்கு வியர்த்துக் கொட்டியது. தான் நினைத்தது தவறாக இருந்தால்? ராஜா இவர்களைப் பார்த்துவிட்டால், ராஜாவை ஏய்த்த குற்றத்துக்கு அடுத்த சங்கு இவனுக்குத்தான். கால் நடக்கச் சொல்லித் துடித்தது. வாழ்நாளில் முதல் தடவையாக அவன் அசையாமல் நின்றான்.

மாடத்தில் ராஜா நெற்றியில் கையை வைத்துச் சாலையைப் பார்த்தார். மந்திரிகளும் புலவரும் பின்னால் நின்றார்கள். அவர்கள் கண்ணுக்கு எதிரே, குளத்தங்கரையில், வெட்டவெளியில், இரண்டு பேர் மரம் மாதிரி நிற்கிறார்கள். ராஜா பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு ஆள் மலையைத் தாண்ட எவ்வளவு நேரம் ஆகும் என்று மனதுக்குள் நடந்து பார்த்தாரோ என்னவோ, வெகுநேரம் கழித்து, கம்பீரமாகக் கையைத் தூக்கினார்.

“மறைந்தாள். ஊதுங்கள் சங்கை.”

சங்கு ஊதுகிறவன் ராஜாவைப் பார்த்தான், குளத்தைப் பார்த்தான், மறுபடி ராஜாவைப் பார்த்தான். ஊதினான். குழைக்காதன் குனிந்து ஒரு கல்லைத் தூக்கிக் கொண்டுவந்து சுமைதாங்கிக்குப் பக்கத்தில் வைத்தான். குரலை உயர்த்தி, ராஜாவின் ஆணைப்படி கண்ணெல்லை வகுத்தாயிற்று, சிலம்பாயி இனி இந்தக் கல்லுக்கு அப்பால்தான் இருப்பாள், அவள் வீடும் அங்கேதான் இருக்கிறது என்று அறிவித்தான்.

அவ்வளவு அருகில் அந்தக் குரலைக் கேட்டதும் ராஜா மாடத்துக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டார்.

புலவருக்குப் பொறுக்கவில்லை. முன்னால் பாய்ந்து வந்து, “மோசம், பிரபு! அவர்கள் நகரவே இல்லை. இதோ, இங்கேயே நின்றுகொண்டு...” என்றார். பாதியில் தான் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பது அவருக்கே விளங்கிவிட்டது. வாய் திறந்தபடி நின்றது.

“சொல்லுங்கள், வித்துவான் அவர்களே,” என்றான் குழைக்காதன் கீழிருந்து. “இங்கேயே நின்ற எங்களை மகாராஜா பார்க்கவில்லை என்கிறீர்களா? அப்படியானால் அவர் கண்ணுக்கு என்ன? உங்களுக்குச் சொல்வளம் அதிகம். ஒரே சொல்லில் கூறுங்கள்.”

புலவரின் உதடு ‘ம’ என்று மூடியது. அப்படியே ஒட்டிக்கொண்டது. ஒருவரும் சிரிக்கவில்லை.

குழைக்காதன் ஜெயித்துவிட்டான். ஆனால் மாடத்தைப் பார்த்தபோது அவனுக்கு ஜெயித்த மாதிரி இல்லை. ராஜா இன்னும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, அவன் குரல் வந்த திசையைப் பார்த்து, ஆனால் அவனைப் பாராமல் நின்றார். அத்தனை பேர் நடுவில் அப்படி ஒரு தனிமை. இதை முன்பே தனியாக வந்து சொல்லியிருக்கலாமே என்று தன்னையே நொந்துகொண்டான்.

ராஜா இருவரையும் மேலே வரச் சொன்னார். குரல் தணிந்திருந்தது. அவர்கள் வந்து நின்றதும், எத்தனை நாளாக உனக்குத் தெரியும் என்று குழைக்காதனைக் கேட்டார். கிளிப்பச்சைப் பட்டு வந்த நாளிலிருந்து என்றான். ஏன் சொல்லவில்லை என்றார். பயம், பிரபு என்றான். ராஜா தலையசைத்தார். எனக்கும் அதுதான் என்றார்.

பிறகு சிலம்பாயியின் பக்கம் திரும்பினார். “சபையில் நீ சொன்னதைத் திரும்பச் சொல்.”

“சொல்லலாங்களா மகராசா?”

“நான் கேட்கிறேன். சொல்.”

“வெளக்கு மங்குதுன்னேனுங்க.”

“அணையப் போகிறது என்று ஏன் சொல்லவில்லை? எல்லாம் ஒன்றுதானே?”

சிலம்பாயி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “அப்படிச் சொல்லலாங்களா? எரியற வெளக்கப் பாத்து அந்த வார்த்தைய எங்க சனம் வாயில எடுக்காதுங்க. மங்குதுன்னா இன்னும் எரியுதுன்னுதானே அர்த்தம்? அப்படிச் சொன்னாத்தானே யாராச்சும் எண்ணெய் கொண்டாருவாங்க. சொல்லாம இருந்தா, தானா போயிருமுங்க.”

அந்தச் சொல்லை ராஜா இருட்டின் பெயர் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தார். எரிகிற ஒன்றைப் பற்றித்தான் அதைச் சொல்ல முடியும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. அவர் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. அதைத் துடைக்காமலே, சபை கேட்க, “குழைக்காதா, என் கண் மங்குகிறது” என்றார்.

மந்திரிகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ராஜா போட்ட சட்டத்தை ராஜாவே மீறிவிட்டார். இப்போது என்ன செய்வது? ராஜாவே அதைக் கேட்டார். “சட்டப்படி நானும் கண்ணெல்லைக்கு அப்பால் போக வேண்டும் அல்லவா?”

குழைக்காதன் கைகூப்பினான். “சட்டம் என்ன சொல்கிறது, பிரபு? குற்றவாளி மன்னர் கண்ணுக்கு எட்டாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். தங்கள் முகத்தைத் தங்கள் கண் என்றைக்காவது நேரில் பார்த்திருக்கிறதா? பிறந்ததிலிருந்தே தாங்கள் தங்கள் கண்ணெல்லைக்கு அப்பால்தான் இருக்கிறீர்கள். தண்டனை முன்கூட்டியே நிறைவேறிவிட்டது.”

ராஜா சிரித்தார். முதலில் மூக்கு வழியாக, பிறகு வயிறு குலுங்க. வெகுநாள் கழித்து வந்த சிரிப்பு. அந்தச் சட்டம் இந்த நொடியோடு செத்தது என்றார். சிலம்பாயியின் மகள் பிரசவத்துக்கு அரண்மனை மருத்துவச்சி போக வேண்டும் என்றார். சிரித்துக்கொண்டே கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றினார். “எனக்கு உண்மையைக் காட்டிய முதல் ஆள் நீதான்” என்று சொல்லி, எதிரே நின்றவன் கழுத்தில் போட்டுத் தோளைத் தட்டினார்.

குழைக்காதனால்தான் ஒரு இடத்தில் நிற்க முடியாதே. அவன் அதற்குள் இரண்டடி நகர்ந்துவிட்டிருந்தான். மாலை விழுந்தது ஏகாம்பரப் புலவர் கழுத்தில்.

எத்தனையோ வருஷமாக அந்த மாலை மேல் புலவருக்கு ஒரு கண். இப்போது அது அவர் மார்பில் ஜில்லென்று கிடக்கிறது. பேசாமல் இருந்தால் அவருடையது. அவர் குழைக்காதனைப் பார்த்தார். குழைக்காதன் வானத்தைப் பார்த்தான். புலவர் முத்துகளைத் தொட்டார், விட்டார், மறுபடி தொட்டார். கடைசியில், “பிரபு, நான் ஏகாம்பரம்” என்றார். “தங்கள் கண்... தங்கள் கண் மங்கியிருக்கிறது. மாலை அவனுக்குப் போக வேண்டியது.”

ராஜா புருவத்தை உயர்த்தினார். மறுபடி சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. “உம்மிடமிருந்து ஒரு உண்மை வாங்க ஒரு முத்துமாலை செலவாகிறது. இருக்கட்டும், புலவரே, வைத்துக்கொள்ளும்” என்றார்.

பிறகு, சரியான ஆளைத் தேடிக் கையை நீட்டித் துழாவினார். குழைக்காதன் ஓடிவந்து அந்தக் கைக்குள் நின்றான். நாளை முதல் சிம்மாசனத்துக்கு வலப்பக்கம் உனக்கு இருக்கை என்றார் ராஜா. உட்காரச் சொல்லாமல் இருந்தால் சரி என்றான் அவன்.

“கண் வைத்தியர் வீட்டுக்குப் போக வேண்டும்,” என்றார் ராஜா. “இறங்குகிற படி எனக்குத் தெரியவில்லை. பல நாளாகவே தெரியவில்லை. சிம்மாசனத்தில் இருந்துகொண்டு, கையைப் பிடித்து இறக்கிவிடு என்று ஒருவரைக் கேட்க வாய் வரவில்லை. உன் தோளைக் கொடு.”

குழைக்காதன் தோளைக் கொடுத்தான். மெதுவாக நடக்கவே தெரியாத அவன், அன்று ஒவ்வொரு படிக்கும் நின்று, “இது ஒரு படி, பிரபு. இன்னொன்று இருக்கிறது” என்று சொல்லிச் சொல்லி இறக்கினான். ராஜா சிரித்துக்கொண்டே இறங்கினார்.